பதினான்கு டேபிள், ஒரு தெரு: தேர்தல் சீர்திருத்தங்கள் தமிழ்நாட்டில் செய்த வேலை

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் என்று ஆரம்பித்தாலே பேச்சு "ஹேக் பண்ண முடியுமா, முடியாதா" என்று ஓடிவிடுகிறது. அந்தச் சண்டையில் யாரும் கண்டுகொள்ளாமல் போன விஷயம் ஒன்று உண்டு. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க இயந்திரம் வந்தது. அன்று முதல் ஒவ்வொரு பூத்தின் முடிவும் தனித்தனியாக, கடைசி ஓட்டு வரை, காகிதத்தில் ஏறி வெளியே வருகிறது. மாநில அரசியலின் அன்றாட நடைமுறையை மாற்றியதில் கட்சித் தாவல் சட்டத்தைவிடவும் செலவு வரம்பைவிடவும் இதற்குத்தான் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

இதைப் புரிந்துகொள்ள ஒரு பூத்தின் காகிதங்களைக் காலையிலிருந்து பின்தொடர வேண்டும்.

வாக்குப்பதிவு தொடங்க ஒன்றரை மணி நேரம் முன்பே மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 ஓட்டு. நோட்டா உட்பட எல்லாப் பொத்தானையும் அழுத்தி, வேட்பாளர்களின் ஏஜென்ட்கள் முன்னிலையில் முடிவை எடுத்து, விவிபேட் என்ற இணைக் கருவி அச்சிடும் காகிதச் சீட்டுகளோடு ஒப்பிட வேண்டும். பிறகு 'கிளியர்' அழுத்தி நினைவகத்தைக் காலி செய்து, மாதிரிச் சீட்டுகளைக் கறுப்பு உறையில் போட்டு சீல் வைக்க வேண்டும். அவசரத்தில் அதிகம் தவறுவது இந்தக் 'கிளியர்'தான். அதை மறந்தால் மாதிரி ஓட்டும் கணக்கில் சேர்ந்து, இயந்திரத்தின் மொத்தம் வாக்காளர் கையெழுத்திடும் பதிவேட்டைவிடக் கூடுதலாக நிற்கும். எண்ணிக்கை நாளில், ஓட்டுகளைச் சேமித்து வைக்கும் அந்தக் கட்டுப்பாட்டுக் கருவியை ஓரமாக வைத்துவிடுவார்கள். வெற்றி வித்தியாசம், அப்படி ஓரம்கட்டப்பட்ட பூத்களில் பதிவான மொத்த ஓட்டைவிட அதிகமாக இருந்தால் பிரச்சினை அதோடு முடிந்தது. இல்லையென்றால் அந்த பூத்களின் விவிபேட் சீட்டுகளை எண்ணித்தான் தீர்க்க வேண்டும்.

வாக்குப்பதிவு முடிந்ததும் ஏஜென்ட் வாங்காமல் வெளியே வரக்கூடாத காகிதம் படிவம் 17சி. மொத்த வாக்காளர் எத்தனை, பதிவேட்டில் கையெழுத்திட்டவர் எத்தனை, கையெழுத்திட்டும் ஓட்டுப் போடாமல் திரும்பியவர் எத்தனை, இயந்திரத்தில் பதிவானது எத்தனை, சீல் எண்கள் என்ன என்று எல்லாம் அதில் இருக்கும். தலைமை அலுவலர் சான்றளித்த நகலை, இருக்கும் ஏஜென்ட் ஒவ்வொருவருக்கும் தர வேண்டும் என்பது விதி. பல சின்னக் கட்சிகளின் ஏஜென்ட்கள் மாலை நான்கு மணிக்கே சாப்பாட்டுக்குப் போய்விட்டு இந்தக் காகிதத்தைக் கோட்டை விடுகிறார்கள். பிறகு முறைகேடு என்று புகார் சொல்ல அவர்கள் கையில் எதுவும் இருக்காது.

எண்ணிக்கை நாள். சென்னைக்கு லயோலா கல்லூரி, ராணி மேரி கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் பழகிப்போன இடங்கள். காலை 8 மணிக்குத் தபால் ஓட்டு, 8.30-க்கு இயந்திரம். ஒரு தொகுதிக்கு வழக்கமாக 14 டேபிள். டேபிளுக்கு ஒரு பூத்தின் கட்டுப்பாட்டுக் கருவி வரும். 14 பூத் முடிந்தால் ஒரு ரவுண்ட். தொகுதியில் 280 பூத் என்றால் 20 ரவுண்ட். ஏஜென்ட் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து முதலில் சீல் எண்ணை, அடுத்து மொத்தத்தைத் தன்னிடமுள்ள 17சி-யோடு ஒத்துப் பார்க்கிறார். 'ரிசல்ட்' அழுத்தியதும் வேட்பாளர் வரிசைப்படி எண்கள் திரையில் ஒவ்வொன்றாக ஓடும். அதை அவர் எழுதிக்கொள்ளும் அந்த நிமிடத்திலேயே எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பது கட்சிக்குத் தெரிந்துவிடுகிறது. கடைசியில் எல்லா பூத்தின் எண்களும் படிவம் 20 என்ற தொகுதி முடிவுத் தாளில் ஏறும். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

வாக்குச்சீட்டுக் காலத்தில் வேறு வழி இருந்தது. மிரட்டலுக்கு வாய்ப்பு உண்டு என்று தேர்தல் ஆணையம் கருதினால், பல பெட்டிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ணச் சொல்லலாம். 1961 தேர்தல் நடத்தை விதிகளில் 59ஏ அதற்காகவே இருந்தது. கலந்தபின் வியாசர்பாடி எது, பெரம்பூர் ரயில்வே குடியிருப்பு எது என்று பிரிக்க முடியாது. இயந்திரத்தில் கலக்க வழி இல்லை. ஒவ்வொரு கருவியும் தன் எண்ணைத் தானே சொல்கிறது.

வாக்காளர் பட்டியலின் ஒரு பாகத்தை, அதாவது ஒரு பூத்துக்கான பட்டியலை, எடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்திலேயே அந்த பாகத்தில் அடங்கும் தெருக்களின் பெயர் இருக்கும். சென்னையில் ஒரு ஹவுசிங் போர்டு வளாகமே ஒரு பாகமாக அமைந்துவிடுவதுண்டு. உதாரணத்துக்கு 1,100 வாக்காளர், பதிவானது 720, ஒரு கட்சிக்கு விழுந்தது 190 என்று வைத்துக்கொள்வோம். இந்த மூன்று எண்ணும் வட்டச் செயலாளர் மேசையில் இருந்தால், "எங்க பிளாக் முழுக்க உங்களுக்குத்தான் அண்ணே" என்று சொன்னவர் அடுத்த முறை வாய் திறக்க முடியாது. தனி ஆளின் ஓட்டு ரகசியம்தான். தெருவின் ஓட்டு ரகசியம் இல்லை.

பூத் கமிட்டி என்ற அமைப்புக்கு இவ்வளவு கனம் வந்தது இதனால்தான். சாவடியைக் கைப்பற்றுவது, கள்ள முத்திரை குத்துவது போன்ற பழைய வேலைகளை இயந்திரம் கடினமாக்கியது. சாவடியில் செல்லாத ஓட்டு என்ற இனமே காணாமல் போனது. இவையெல்லாம் உண்மையான லாபம், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பணம் கொடுப்பவருக்கு முன்பு இல்லாத ஒன்று கிடைத்தது: ரசீது. எந்த பூத்துக்குப் போன தொகை வேலை செய்தது, எந்த பூத்துக்குப் போனது வீண் என்று பார்க்க முடிகிற ரசீது. ஓட்டுக்குப் பணம் என்ற பேச்சு பெரிதாக எழுந்த 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு "ஃபார்முலா" என்ற சொல்லே தமிழில் புதுப்பொருள் பெற்றதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தேர்தலின் படிவம் 20-உம் அடுத்த தேர்தலின் பட்டுவாடாவுக்குத் திட்ட அறிக்கை மாதிரி ஆகிவிட்டது.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. டோட்டலைசர் என்றொரு கருவி. 14 கட்டுப்பாட்டுக் கருவிகளை இணைத்து மொத்தத்தை மட்டும் காட்டும். ஆணையம் 2008-இல் பரிந்துரைத்தது. சட்ட ஆணையம் 2015-இல் தன் 255-ஆவது அறிக்கையில் ஆதரித்தது. மத்திய அரசு ஒப்பவில்லை. எங்கே பலவீனம் என்று அறிந்து வேலை செய்யக் கட்சிகளுக்கு பூத் முடிவு உதவுகிறது என்பது அவர்கள் தரப்பு வாதம். வாக்காளருக்கு ஆபத்து என்று நாம் சொல்லும் அதே காரணம்! 17சி-யைச் சரிபார்க்க பூத்தின் மொத்தம் போதும். வேட்பாளர்வாரிப் பிரிவு தேவையில்லை. ஒரு சிக்கல் மட்டும் நிஜமானது. தொகுதிக்கு ஐந்து பூத்தின் விவிபேட் சீட்டுகளைக் குலுக்கல் முறையில் எடுத்து எண்ணுகிறார்கள். அந்த ஐந்து பூத்தின் பிரிவு எப்படியும் வெளியே தெரியும். 280-க்கு ஐந்து என்பது தாங்கக்கூடிய விலைதான்.

பட்டுவாடாவுக்கு எதிராகச் சட்டம் என்ன வைத்திருக்கிறது? கொடுப்பவரும் வாங்குபவரும் குற்றவாளிகள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவில் ஓராண்டு வரை தண்டனை. பழைய இபிகோ 171இ-யின் மறுபிறவி அது. ஆனால் வாரண்ட் இல்லாமல் கைது செய்யும் வகைக் குற்றம் இல்லை என்பதால் களத்தில் நிற்கும் காவலருக்கு அது மழுங்கிய கத்தி. எஞ்சுவது தேர்தலையே ரத்து செய்வது. 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் இரண்டிலும் பணப் புழக்கத்துக்காகத் தேர்தல் ரத்தானது. சட்டமன்றத் தேர்தலில் நாட்டிலேயே அது முதல் முறை. 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர், 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தொகுதி. நான்கும் தமிழ்நாடு என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

ரத்து செய்ய ஆணையம் கையில் எடுத்தது அரசியலமைப்பின் 324-ஆவது பிரிவு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 58ஏ, சாவடியைக் கைப்பற்றினால் ரத்து செய்யலாம் என்கிறது. பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 58பி என்று சேர்க்க ஆணையம் கேட்டது, கிடைக்கவில்லை. ரத்தான தேர்தலில் நின்றவர் மறு தேர்தலில் நிற்கத் தடையும் கிடையாது. ஆக, தொகுதி சில மாதங்கள் காலியாகக் கிடக்கும், பிறகு அதே முகங்கள் வரும், செலவு இன்னொரு முறை நடக்கும். தண்டனை தொகுதிக்குத்தான் போகிறது.

பறக்கும் படையின் கதையும் இதை ஒட்டியது. கையில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக எடுத்துச் சென்று உரிய காகிதம் காட்ட முடியாவிட்டால் பறிமுதல். 10 லட்சத்துக்கு மேல் என்றால் வருமான வரித்துறைக்குத் தகவல் போகும். நடைமுறையில் அதிகம் மாட்டுவது கோயம்பேட்டுக்குச் சரக்கெடுக்க வரும் வியாபாரியும் சௌகார்பேட்டை நகை வேலைக்காரரும். இவர்கள் வண்டியில் வைத்திருக்க வேண்டியவை: வங்கியில் எடுத்ததற்கான பாஸ்புக் பதிவு அல்லது குறுஞ்செய்தி, ஜிஎஸ்டி பதிவு நகல், அன்றைய ரொக்கப் புத்தகப் பக்கம், சரக்கு வாங்கப் போகிறோம் என்றால் பழைய பில் ஒன்று. பிடித்தால் ரசீது கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கு மாவட்ட அளவில் மூன்று அதிகாரிகள் கொண்ட குழு உண்டு. அவர்கள் தாமாகவே பரிசீலித்து விடுவிக்க வேண்டும். வழக்குப் பதிவாகாத பட்சத்தில் வாக்குப்பதிவு முடிந்து ஏழு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இது தெரியாமல் மாதக்கணக்கில் அலைபவர்கள் உண்டு.

வேட்பாளர் செலவு வரம்பு தமிழ்நாட்டில் சட்டமன்றத்துக்கு 2022 முதல் 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம். மூன்று நிறப் பதிவேடு: வெள்ளைப் பக்கத்தில் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பில் ரொக்கம், மஞ்சளில் வங்கி. தேர்தலுக்கென்றே தனி வங்கிக் கணக்கு, 10,000 ரூபாயைத் தாண்டினால் காசோலை அல்லது மின்பரிமாற்றம். டீ, நாற்காலி, ஷாமியானா, பிரியாணி என்று ஒவ்வொன்றுக்கும் மாவட்டத் தேர்தல் அதிகாரி விலைப்பட்டியல் போடுவார். நீங்கள் மலிவாக வாங்கினேன் என்றாலும் அதிகாரிகள் தனியே எழுதும் நிழல் பதிவேட்டில் பட்டியல் விலைதான் ஏறும். பிரச்சாரத்தின்போது மூன்று முறை சரிபார்ப்பு. முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்குத் தராவிட்டால் மூன்றாண்டு தகுதி நீக்கம் வரை போகலாம். தோற்ற சுயேச்சைகள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள்.

கட்சியின் செலவுக்கு வரம்பே கிடையாது. பெரிய ஓட்டை அங்கே இருக்கிறது. நட்சத்திரப் பேச்சாளரின் பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் வராது. ஆனால் வேட்பாளர் அதே மேடையில் ஏறினாலோ, அவர் பெயரும் படமும் பேனரில் இருந்தாலோ கூட்டச் செலவில் அவருக்குப் பங்கு விழும். கணக்கு தெரிந்த தலைமை ஏஜென்ட் பேனர் அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை படித்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

மொடக்குறிச்சியைச் சொல்லாமல் தமிழ்நாட்டின் தேர்தல் சீர்திருத்தம் பேச முடியாது. 1996-இல் விவசாயிகளின் எதிர்ப்பாக 1,033 பேர் நின்றார்கள். வாக்குச்சீட்டு புத்தகமானது, தேர்தல் தள்ளிப்போனது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம் சட்டமன்ற டெபாசிட்டை 250-லிருந்து 5,000 ஆக்கியது. இப்போது 10,000, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அதில் பாதி. அங்கீகாரமில்லாதவருக்குப் பத்து முன்மொழிபவர்கள் வேண்டும். கூட்டம் குறைந்ததா? 2017 டிசம்பரில் ஆர்.கே.நகரில் 59 பேர். பேலட் யூனிட் ஒன்றில் 16 பொத்தான், அன்றைய வகை இயந்திரத்தில் நான்கு யூனிட் வரைதான் இணைக்க முடியும். நோட்டாவுக்கு ஒன்று போக 63 பேர் எல்லை. இன்னும் ஐந்து பேர் நின்றிருந்தால் சென்னைக்குள் மறுபடி வாக்குச்சீட்டு. புது வகை எம்3 இயந்திரம் 24 யூனிட், 384 பொத்தான் வரை தாங்கும். 2019 மக்களவைத் தேர்தலில் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் மஞ்சள் விவசாயிகள் திரண்டு 185 பேர் களத்தில் நின்றபோது பன்னிரண்டு யூனிட்டை வரிசையாக வைத்து நடத்தினார்கள். மக்களவைக்கான டெபாசிட் 25,000 என்பது அவர்களைத் தடுக்கவில்லை.

இனி சட்டமன்றத்துக்குள். கட்சித் தாவலைத் தடுக்க 1985-இல் அரசியலமைப்பில் சேர்ந்த பத்தாவது அட்டவணை, கட்சியின் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பிரிந்தால் அது பிளவு என்று விட்டுவைத்தது. 2003-இன் 91-ஆவது திருத்தம் அந்த வழியை அடைத்தது. கூடவே அமைச்சரவை 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றது. 234-க்கு 35 பேர், முதல்வரையும் சேர்த்து. அந்த வழி மூடியதும் எல்லாக் கனமும் சபாநாயகர் நாற்காலியில் இறங்கியது. 2017-ஐப் பாருங்கள். பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசின் மீது நம்பிக்கை வாக்கெடுப்பு, ஆதரவு 122, எதிர்ப்பு 11. எதிர்த்த 11 பேர் மீது நடவடிக்கை இல்லை. அவர்களில் ஒருவரான ஓ.பன்னீர்செல்வம் ஆகஸ்டில் துணை முதல்வரானார். அதே ஆகஸ்டில் அதிமுக எம்எல்ஏக்கள் 19 பேர் முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். ஒருவர் திரும்பி வந்துவிட, மீதி 18 பேர் செப்டம்பர் 18 அன்று தகுதி நீக்கம். கடிதம் கொடுத்ததே கட்சியைத் தாமாக விட்டதற்குச் சமம் என்று சபாநாயகர் கொண்டார். அவைக்குள் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவைக்கு வெளியே கடிதம் கொடுத்தவர்களுக்குப் பதவி போனது என்பதை விளக்கச் சட்டப் புத்தகத்தில் இடம் தேடுவது வீண்.

கணக்கு இதுதான்: ஆர்.கே.நகர் காலியாக இருந்ததால் அவை பலம் 233, பெரும்பான்மைக்கு 117. பதினெட்டைக் கழித்தால் 215, பெரும்பான்மை 108. ஒரு உத்தரவில் ஒன்பது குறைந்தது. உயர் நீதிமன்றம் இடைத்தேர்தல் அறிவிப்புக்குத் தடை போட்டது. 2018 ஜூனில் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு, அக்டோபரில் மூன்றாவது நீதிபதி தகுதி நீக்கம் செல்லும் என்றார். காலி இடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்ற மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவும் 1996-இன் சீர்திருத்தம்தான். வழக்கு என்று வந்துவிட்டால் அது வேலை செய்யாது. பதினெட்டில் ஒன்று சென்னையின் பெரம்பூர். 2017 செப்டம்பரிலிருந்து 2019 மே வரை, இருபது மாதம், அங்கே எம்எல்ஏ கிடையாது. 2019-இல் 22 இடைத்தேர்தல் நடந்து திமுக 13, அதிமுக 9 என்று முடிந்ததைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. அந்த இருபது மாதத் தொகுதி நிதியைப் பற்றி யாரும் எழுதவில்லை.

தொகுதி மறுவரையறையை இப்போது எல்லோரும் மக்களவை எண்ணிக்கையாகவே பேசுகிறார்கள். 1967-இல் 41 என்பது 39 ஆனதைப் பார்த்த மாநிலத்துக்கு அந்தப் பயம் நியாயம். ஆனால் மாநிலத்தின் மொத்த எண்ணிக்கை மாறாமல் எல்லை மட்டும் மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு 2008-இன் ஆணை சென்னையிலேயே பாடம் வைத்திருக்கிறது. சென்னையின் 14 சட்டமன்றத் தொகுதி 16 ஆனது. பூங்கா நகரும் புரசைவாக்கமும் மறைந்தன. சேப்பாக்கமும் திருவல்லிக்கேணியும் ஒன்றாயின. கொளத்தூர், வில்லிவாக்கம், திரு.வி.க.நகர், விருகம்பாக்கம், வேளச்சேரி ஆகியவை நகரத்தின் கணக்கில் வந்தன. 2011 தேர்தலில் மு.கருணாநிதி சேப்பாக்கத்தை விட்டுத் திருவாரூருக்குப் போனார், மு.க.ஸ்டாலின் ஆயிரம் விளக்கிலிருந்து கொளத்தூருக்குப் போய் மூவாயிரத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் வென்றார். 2006-இன் படிவம் 20 வைத்திருந்தவர்களுக்கு அது பழைய காகிதமானது. பாக எண்கள் மாறிவிட்டதால் தெருப் பெயரை வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டியிருந்தது.

அதே வேலை இப்போது மறுபடி வந்திருக்கிறது. ஒரு பூத்துக்கு 1,500 வாக்காளர் என்றிருந்த உச்சவரம்பை ஆணையம் 2025-இல் 1,200 ஆக்கியது. வரிசை குறையும் என்பது நோக்கம், குறையவும் செய்யும். பூத் சிறிதாகச் சிறிதாகத் தெருவின் முகம் இன்னும் தெளிவாகத் தெரியும் என்பது கூட வருகிற விளைவு. அதற்கு மேல் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம். 2025 டிசம்பர் வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. எனவே பழைய படிவம் 20-ஐப் புதியதோடு ஒப்பிட உட்காருபவர்கள் வாக்குப்பதிவு சதவீதத்தைத் தொட வேண்டாம், வகுக்கும் எண்ணே மாறிவிட்டது. விழுந்த ஓட்டின் எண்ணிக்கையை எடுங்கள். பாகத்தின் முதல் பக்கத்திலுள்ள தெருப் பட்டியலை இரண்டு ஆண்டுக்கும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிரிந்த பாகங்களைக் கூட்டி ஒன்றாக்கிய பிறகே கழித்துப் பாருங்கள். துணைச் சாவடிகளுக்கு எண்ணோடு 'ஏ' சேர்த்திருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். கூட்டல் தவறுவது பெரும்பாலும் அங்கேதான்.